வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். என் சித்தி மகள் அமெரிக்காவில் நர்ஸ். அங்கே இரண்டு வருஷப் படிப்பு படித்து வேலைக்குச் சேர்ந்தவள், பிறகு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பி.எஸ்.என். என்ற நர்சிங் பட்டம் வாங்கிவிட்டாள். சென்ற மாதம் எனக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. ‘ஆன்லைன் பி.எஸ்சி. நர்சிங், ஒரே வருஷம், பிராக்டிகல் கிடையாது, வேலையை விட வேண்டாம்’ என்று இருந்தது. மொத்தம் 45,000 ரூபாய். 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? நீங்கள் நர்சிங் டியூட்டராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மீதியைக் கட்டாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் உங்கள் சித்தி மகளின் படிப்பைப் பார்த்துவிடுவோம். அதில் மோசடி ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி முடித்தவரும், நாலு வருஷம் பி.எஸ்.என். படித்தவரும் லைசென்ஸுக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் பரீட்சைதான். தேறினால் இருவருமே ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். ஆகவே உங்கள் தங்கை ஆன்லைனில் சேரும்போதே அவர் கையில் லைசென்ஸ் இருந்தது, வார்டு வேலையும் பழகியிருந்தது. மேற்கொண்டு அவர் படித்தது சமூக சுகாதாரம், நிர்வாகம், புள்ளியியல், ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்வது மாதிரியான பாடங்கள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து படிக்கக்கூடியவைதான். அங்கும் முறையான அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் நேரடிப் பயிற்சி கொஞ்சமாவது இருக்கும். கேட்டுப் பாருங்கள், அவர் ஊரிலேயே ஏதாவது ஒரு கிளினிக்குக்கோ சுகாதார மையத்துக்கோ போய் வந்திருப்பார்.

அங்கே இந்தப் படிப்புக்குக் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. 2003-ல் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. (டிகிரி வாங்கிய மறுநாளே வார்டில் யாரும் சாகமாட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல மருத்துவமனைக்குப் பட்டதாரிகள் அதிகம் போவதும் உண்டு.) 2010-ல் அந்த நாட்டின் மருத்துவக் கழகம் 2020-க்குள் 80 சதவீத நர்சுகள் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017-ல் நியூயார்க் மாநிலம், புதிதாக லைசென்ஸ் வாங்குபவர்கள் பத்து வருஷத்துக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டமே போட்டது. படிப்புச் செலவில் ஒரு பங்கை மருத்துவமனையே கொடுப்பது அங்கே சகஜம். வருஷத்துக்கு 5,250 டாலர் வரை அப்படிக் கிடைத்தால் அதற்கு வரியும் இல்லை.

இங்கே வருவோம். ஜி.என்.எம். முடித்தவருக்கு அடுத்த படி, டிப்ளமோவுக்கு மேல் பட்டம் வாங்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிப்பு. கல்லூரிக்குப் போய்ப் படித்தால் இரண்டு வருஷம். தனியாரில் இருப்பவர் அதற்காக வேலையை விட்டாக வேண்டும், வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் இருக்கும்போது அதை யார் செய்வார்கள்? வேலையில் இருந்துகொண்டே படிக்க நெடுங்காலமாக இருக்கும் வழி, இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்று வருஷப் படிப்பு. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்தவர் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தபின் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், இந்த வருஷத்து அறிவிப்பை எடுத்துப் படியுங்கள்.

இதைத் தவிர முழு ஆன்லைன் பட்டம் என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள். ஆன்லைனில் நடத்தக்கூடாத படிப்புகள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2020 விதிமுறைகள் ஒரு பட்டியல் போட்டிருக்கின்றன, நர்சிங் அதில் இருக்கிறது. அந்த ஆள் சான்றிதழை அழகாக அச்சடித்தே கொடுக்கலாம். அதை எடுத்துக்கொண்டு நம் மாநில நர்சிங் கவுன்சிலுக்குப் போய்க் கூடுதல் தகுதியாகப் பதியச் சொல்லுங்கள், அங்கேயே நின்றுவிடும். வளைகுடாவுக்குப் போகலாம் என்றால் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு இருக்கிறது. சான்றிதழை வழங்கிய இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அதில் பொய் என்று ஒருமுறை பதிவானால் உங்களுடைய உண்மையான ஜி.என்.எம்.மையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இக்னோ சுலபம் என்று சொல்லமாட்டேன். அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் நைட் டூட்டியில் இரண்டு மணி மருந்தெல்லாம் கொடுத்து, நோயாளிக்கு உள்ளே போன, வெளியே வந்த திரவ அளவுகளை எழுதும் ஐ.ஓ. சார்ட் முடித்துவிட்டு, கேஸ் ஷீட்டுகளுக்கு அடியில் நோட்டை வைத்து எழுதுவாள். மானிட்டர் கத்தினால் பாதி வரியில் பேனா நிற்கும். காலையில் அடுத்த டூட்டிக்காரரிடம் ஓவர் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறி ஸ்டடி சென்டர் வகுப்புக்குப் போவாள். பிராக்டிகலுக்கு நேரில் போயே ஆக வேண்டும், அதற்கு லீவு வேண்டும். அவள் திணறியது அங்கேதான், பாடத்தில் இல்லை. ஆறு நாள் லீவு கேட்டதற்கு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் டூட்டி லிஸ்ட்டை அவள் முன்னால் தள்ளி, “உனக்குப் பதில் யாரு, நீயே சொல்லு” என்றாராம். அந்த சிஸ்டரைக் குறை சொல்லவும் முடியாது. நாலு பேர் பார்க்க வேண்டிய இடத்தில் அவருக்கு இருந்தது இரண்டு பேர். அமெரிக்காவில் படிக்கப் பணமே கொடுக்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு காரியம் செய்யுங்கள். மருத்துவமனையில் அனுபவச் சான்றிதழ் கேளுங்கள். கேட்டதும் தரமாட்டார்கள், வேலையை விடப் போகிறாள் என்று நினைப்பார்கள். படிப்புக்கு என்று எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள். சேரும்போது உங்கள் ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்டார்களா? பல இடங்களில் அந்தப் பழக்கம் இருக்கிறது. அப்படியானால் அதையும் இப்போதே கேட்க ஆரம்பியுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் எச்.ஆர். லீவில் இருப்பார்.

அந்த 5,000 ரூபாய்க்கு வருவோம். எந்தப் பல்கலைக்கழகம், இந்திய நர்சிங் கவுன்சிலின் அனுமதிக் கடிதம் எங்கே என்று அந்த விளம்பரக்காரரிடம் வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கேளுங்கள், போனில் வேண்டாம். அவர் மழுப்பினால் அந்த உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது. பணம் திரும்ப வரும் என்று உறுதியாகச் சொல்லமுடியாது, ஆனால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. உங்களோடு டூட்டி பார்க்கிறவர்கள் யாராவது கட்டியிருந்தால் அவர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா