மலையிலும் கடலிலும் சிக்னல் போனாலும் கணக்கு போகாமலிருக்க: கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து: ரப்பர் பால் கொள்முதலுக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கிறேன் அண்ணா. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். சில நாள் ஒரே எடை இரண்டு தடவை ஏறிவிடுகிறது. ஏன்?

எடைச் சீட்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்திருக்கும். போகவில்லை என்று நினைத்து போன் மறுபடி அனுப்பும். சர்வர் அதைப் புதுச் சீட்டு என்று எடுத்துக்கொள்ளும். சீட்டு எண்ணை சர்வர் போடும்படி வைத்திருப்பீர்கள், கோளாறு அங்கேதான்.

'சேமி' அழுத்தியதும் போனிலேயே ஒரு யுயுஐடி (வேறெந்தச் சீட்டுக்கும் வராத தனி எண்) உருவாக்கி, எடையோடு சேர்த்து போனுக்குள்ளேயே இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். நெட் இருக்கிறதா என்று அப்போது பார்க்கவே வேண்டாம். சர்வர் டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு தடவை ஏறக் கூடாது என்ற விதி, போடுங்கள். அதே எண் திரும்ப வந்தால் புது வரி சேர்க்காமல் 'கிடைத்தது' என்று மட்டும் சொல்லட்டும். பத்து தடவை வந்தாலும் 42.5 கிலோ 42.5 கிலோவாகவே நிற்கும். 'அனுப்பியாச்சு' குறியை சர்வர் பதில் வந்த பிறகே போடணும். முன்னாலேயே போட்டால் சீட்டு காணாமல் போகும். அது இரட்டைப் பதிவைவிட மோசம். விடியும் முன் பால்வெட்டப் போனவரின் கூலி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அவரே: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அனுப்பலாம்?

பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு 15 நிமிடத்துக்குக் கீழே இடைவெளி வைக்க முடியாது. இதற்கு அதுவே போதும். அனுப்புவது தோற்றால், மறுபடி முயலும் இடைவெளியை 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று இரட்டிப்பாக்குங்கள். சீட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஐம்பது ஐம்பதாகக் கட்டி அனுப்புங்கள். ஒவ்வொரு தடவை அனுப்பிய பிறகும் போனின் ரேடியோ சில விநாடி விழித்தே இருக்கும், சார்ஜ் அதில்தான் கரையும்.

குளச்சலிலிருந்து: கரை நெருங்கும்போது மீன் படம் அனுப்புகிறோம். முக்கால்வாசி போய் நின்று, முதலிலிருந்து தொடங்குகிறது.

எடையும் மீன் பெயரும் முதலில் போகட்டும்; விலை பேச அதுவே போதும். படத்துக்குத் தனி வரிசை. அகலத்தை 1280 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் தரம் 75 வைத்தால் 4 எம்பி படம் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கும். அதையும் 256 கேபி துண்டுகளாக அனுப்பி, எதுவரை வந்தது என்று சர்வரைக் கேட்டு அங்கிருந்து தொடருங்கள்.

தோவாளையிலிருந்து: பிச்சிப்பூ விலையை இரண்டு பேர் மாற்றினோம். பழைய விலை புதியதை அழித்துவிட்டது.

போன் கடிகாரத்தை நம்பி 'கடைசியாக வந்தது ஜெயிக்கும்' என்று வைத்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு விலைப் பதிவுக்கும், திருத்தும்போதெல்லாம் ஒன்று கூடும் ஒரு பதிப்பு எண் கொடுங்கள். 7ஆம் பதிப்பைப் பார்த்துத் திருத்தியவர் அனுப்பும்போது சர்வரில் 8 இருந்தால், ஏற்காமல் இரண்டு விலையையும் காட்டிக் கேட்கணும். இருப்புக் கணக்கில் மொத்தத்தை அனுப்பவே கூடாது. 5 கிலோ கூடியது, 3 கிலோ குறைந்தது என்று மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: போனில் இடமில்லை அண்ணா. ஆப் டேட்டாவை அழிக்கலாமா?

அனுப்பாத சீட்டு பூஜ்யம் ஆகும்வரை தொடவே தொடாதீர்கள். கேஷை (ஆப் தற்காலிகமாக வைத்திருக்கும் கோப்புகளை) அழிக்கலாம், டேட்டாவை அழித்தால் அனுப்பாததெல்லாம் போய்விடும். ஆப் எழுதுகிறவர்களும் அந்த எண்ணிக்கையை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் காட்டுங்கள்.