இடுக்கிக்கும் மூடிக்கும் நடுவே

'ராக்கு என்கிற ஜப்பானிய மண்பாண்ட முறையில் கிண்ணம் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரே களிமண், ஒரே கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு), ஒரே சூளை. என் கிண்ணம் செம்பாக மின்னியது, தோழியுடையது மங்கிய பச்சை. "தற்செயலை ஏற்றுக்கொள்ளுங்கள், அதுதான் ராக்கு" என்றார் பயிற்சியாளர். அதிர்ஷ்டத்துக்குப் பெயர் கலையா? அதில் டீ குடிக்கலாமா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் டீ. வேண்டாம். குறைந்த சூட்டில் வெந்த மண், நீர் கசியும். கிளேஸ் முழுக்க மயிரிழை வெடிப்பு. அதில் என்ன கலந்தார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாது.

ஆனால் ராக்கு பிறந்ததே தேநீருக்காகத்தான். 16ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில், தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கேற்ப சோஜிரோ செய்த கிண்ணங்கள் அவை. சக்கரத்தில் வனைந்ததல்ல, கையால் பிடித்து, சீவி எடுத்தவை. கருப்பு ராக்குவைத் தகதகவென்று இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்து, சும்மா ஆறவிடுவார்கள். உங்கள் பட்டறையில் போல மரத்தூள் கிடையாது, புகைமூட்டம் கிடையாது. அந்தக் கிண்ணங்கள் மின்னுவதும் இல்லை. கண்ணைப் பறிக்கக்கூடாது என்றே செய்தவை.

நீங்கள் செய்தது அமெரிக்க ராக்கு. 1960இல் அமெரிக்க மண்பாண்டக் கலைஞர் பால் சோல்ட்னர் சூடான பாத்திரத்தை இலைச்சருகில் புரட்டிப் பார்த்ததிலிருந்து வந்தது. தற்செயல் பேச்சு பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் சரக்கு.

அதிலும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதிர்ஷ்டம் இல்லை. சூடான கிண்ணத்தை மரத்தூள் போட்ட டிரம்முக்குள் வைத்து மூடியதும், மரத்தூள் எரிந்து உள்ளே இருக்கும் காற்றைத் தீர்த்துவிடுகிறது. நெருப்பு அடுத்து கிளேஸில் உள்ள செம்பு ஆக்சைடிடம் ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. மிஞ்சுவது செம்பு. காற்று புகுந்தால் மறுபடி பச்சை. தோழியின் டிரம்மை யாராவது சில நொடி தாமதமாக மூடியிருப்பார்கள், அல்லது ஆறுவதற்குள் ஆசையாகத் திறந்து பார்த்திருப்பார்கள். (நான் இரண்டாவது ரகம்.) எந்த இடத்தில் எந்தத் தீற்றல் விழும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. கிண்ணம் வெடிக்காமல் வந்ததுகூட தற்செயல் அல்ல, களிமண்ணில் சுட்ட மண்பொடி கலந்த புண்ணியம். பயிற்சியாளர் இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் தத்துவம் பேசியிருக்கலாம்.

இன்னொன்று. அந்தச் செம்பு நிறம் நிலைக்காது. வருடங்கள் போகப் போகக் காற்று பட்டு மங்கும். என் அலமாரியில் ஒன்று இருக்கிறது, விளிம்பெல்லாம் பச்சையேறிவிட்டது. தோழியின் கிண்ணத்தையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.