ஸ்போழ்மையும் ஸ்போக்மையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிடங்கில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். எல்லைப்புற மொழிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே பத்தியில் ஒரே மக்களை 'பஷ்தூன்', 'பக்தூன்', 'பதான்' என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். எது சரி?

எங்கள் லாரி டிரைவர் பாகிஸ்தானின் பெஷாவர்க்காரர். சரக்குக் கணக்கு எழுதுபவர் ஆப்கானிஸ்தானின் கந்தகார்க்காரர். இருவரும் தங்கள் மொழி ஒன்றே என்கிறார்கள். ஆனால் அந்த மொழியின் பெயரையே ஒருவர் 'பக்தோ' என்கிறார், மற்றவர் 'பஷ்தோ' என்கிறார். டிரைவரிடம் கொஞ்சம் கற்று வருகிறேன். 'நீ என்னைப் பார்த்தாய்' என்பதற்கு அவர் சொன்னதைப் பிரித்துப் பார்த்தால் 'நீ, நான், பார்த்தேன்' என்று வருகிறது. அவர் வாய் தவறினாரா, நான் தவறாகக் கேட்டேனா? இன்னொன்று: ட, ண இரண்டும் அவர்கள் வாயில் நம்மைப் போலவே சுத்தமாக விழுகின்றன. பலுசிஸ்தானில் பிராகூயி என்று ஒரு திராவிட மொழி இருப்பதாகப் படித்தேன். பஷ்தோவுக்கும் தமிழுக்கும் உறவு இருக்குமோ?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் வாயும் தவறவில்லை, உங்கள் காதும் தவறவில்லை. அந்த மொழியின் முதுகெலும்பையே தொட்டுவிட்டீர்கள். நான் அதற்கு வந்துசேர ஓர் இலக்கண நூலில் பாதி தூரம் நடக்க வேண்டியிருந்தது.

அவர் சொன்னது 'தா ஸ வுலீதம்' என்பதாக இருக்கும். (ஸகரத்தை ஆங்கிலத்தின் இசட் போல ஒலியுங்கள், தமிழில் எழுதினால் இந்த இழப்பு தவிர்க்க முடியாதது.) 'ஸ' என்றால் நான். 'வுலீதம்' என்பதன் கடைசியில் நிற்கும் 'அம்' தன்மை ஒருமை விகுதி, நம் 'ஏன்' போல. பார்த்தவர் நீங்கள், பார்க்கப்பட்டவர் அவர், ஆனால் வினை அவர் பக்கம் சாய்ந்து நிற்கிறது. திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: 'நான் உன்னைப் பார்த்தேன்' என்பது 'மா த வுலீதே'. இப்போது விகுதி முன்னிலைக்கு மாறிவிட்டது.

நிகழ்காலத்தில் இந்தக் கூத்து இல்லை. 'ஸ தா வீனம்', நான் உன்னைப் பார்க்கிறேன். எழுவாய் 'ஸ', விகுதி 'அம்', எல்லாம் நமக்குப் பழகிய ஒழுங்கு. இறந்தகாலத்திலும் 'வந்தேன்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினை என்றால் 'ஸ ராக்லம்' என்று சாதுவாகவே வரும். இறந்தகாலமும் செயப்படுபொருளும் ஒன்றுசேரும்போதுதான் 'ஸ' விலகி 'மா' வந்து நிற்கிறது. வினை செய்தவரை விட்டுவிட்டுச் செயலுக்கு ஆளானவரோடு போய்விடுகிறது.

இதைத் தமிழில் உணர ஒரு வழி உண்டு. 'உன்னால் நான் காணப்பட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'காணப்பட்டேன்' என்று விகுதி தானாகவே என் பக்கம் வந்துவிடுகிறது. வரலாறும் ஏறக்குறைய இதுதான். பழைய ஈரானிய மொழிகளில் இறந்தகால வினை தேய்ந்து, 'காணப்பட்ட' என்ற பொருளுள்ள எச்சம் அதன் இடத்தைப் பிடித்தது. வடமொழியிலும் 'மயா த்ருஷ்டஹ' என்று இதே போக்கு உண்டு. அதன் வழிவந்த இந்தியில் 'மைனே ரோட்டீ காயீ' என்னும்போது வினை ரொட்டியின் பாலைக் காட்டுவதும் இதனால்தான். வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் இருந்த உங்களுக்கு இந்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தியில் 'தும்னே முஜ்கோ தேக்கா' என்று 'கோ' உருபின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வினை யாரோடும் ஒட்டாமல் பொதுவாக நின்றுவிடும். பஷ்தோவில் அந்த ஒளிவிடம் கிடையாது. ஓர் எச்சரிக்கை: 'காணப்பட்டேன்' என்பது நமக்கு ஏறிக்கொள்ள ஓர் ஏணி மட்டுமே. பேசுகிறவர் மனத்தில் செயப்பாட்டுவினை எதுவும் இல்லை. 'நீ என்னைப் பார்த்தாய்' என்று நாம் எத்தனை இயல்பாகச் சொல்கிறோமோ அத்தனை இயல்பாகத்தான் உங்கள் டிரைவரும் சொல்லியிருப்பார்.

இனி, பெயர். என் பத்தியில் மூன்று வடிவங்கள் வந்தது கவனக்குறைவு, மன்னியுங்கள். ஆனால் 'எது சரி' என்ற கேள்விக்கு அந்த மொழியின் எழுத்திலேயே ஒரு விடை இருக்கிறது.

அரபு எழுத்தில் 'சீன்' என்று பற்கள் போல வரிசையாக நிற்கும் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வையுங்கள். அரபிலும் இல்லாத, பாரசீகத்திலும் உருதுவிலும் இல்லாத எழுத்து அது. கந்தகாரில் அதை நாக்கை மடித்து ஷகரமாக ஒலிக்கிறார்கள். குவெட்டா பக்கம் சாதாரண ஷகரம். பெஷாவரில் தொண்டையிலிருந்து வரும் ககரம். பஷ்தோ, பக்தோ என்ற இரண்டு பெயர்களின் நடுவிலும் இருப்பது இந்த ஓர் எழுத்துதான். எழுதும்போது இருவரும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார்கள்.

அதுபோலவே 'ரே' என்ற எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளி வைத்தால் இன்னோர் எழுத்து. கந்தகார்க்காரர் வாயில் அது கிட்டத்தட்ட நம் ழகரம்: ழ சொல்ல நாக்கை மடித்த இடத்தில் காற்றைக் கொஞ்சம் உரசவிட்டால் வந்துவிடும். பெஷாவரில் அதுவே 'கங்கை'யின் இரண்டாவது ககரம். நிலாவைக் கந்தகார்க்காரர் 'ஸ்போழ்மை' என்பார், உங்கள் டிரைவர் 'ஸ்போக்மை' என்பார். ஆறு என்ற எண் அங்கே 'ஷ்பழ்', இங்கே 'ஷ்பக்'. பெண் என்பதற்கான சொல்லில் மாறும் எழுத்துகள் இரண்டு சேர்ந்து வருவதால் அது கந்தகாரில் 'ஷட்ஸ' போலவும் பெஷாவரில் 'ஃகஸ' போலவும் கேட்கும். 'ட்ஸ' அங்கே ஒரே மெய்யொலி, ஆகவே ஒரு மெய்யொலிகூடப் பொதுவில் இல்லை. ஆனால் தாளில் அது ஒரே சொல்.

இதைக் கேட்டு வியக்க நமக்கு உரிமை குறைவு. 'பழம்' என்று எழுதிவிட்டு ஒருவர் பளம் என்கிறார், ஒருவர் பலம் என்கிறார், சென்னையில் பயம் என்றே ஆகிவிட்டது. யாரும் எழுத்தை மாற்றவில்லை. சென்னைக் குழந்தை 'ழ' எங்கே வரும் என்று மனப்பாடம் செய்வது போலவே பெஷாவர்க் குழந்தையும் அந்த இரட்டைப் புள்ளி எங்கே வரும் என்று மனப்பாடம் செய்கிறது. கந்தகார்க் குழந்தைக்கு இதில் வேலை குறைவு. எழுத்து காட்டும் வேறுபாடுகளை அந்தப் பேச்சு காப்பாற்றி வைத்திருக்கிறது. டி. என். மெக்கென்ஸி என்ற அறிஞர் 1959இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த எழுத்து மரபை வைத்தே எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவான ஒரு தரப் பஷ்தோவைப் பற்றி வாதாடினார்.

பிரச்சினை வேறொரு மொழியில் எழுதும்போதுதான் முளைக்கிறது. 2010இல் பாகிஸ்தானின் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். உருதுவில் அந்த இரட்டைப் புள்ளி எழுத்து இல்லை. ஷகரமா ககரமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மாகாணத் தலைநகர் பெஷாவர் என்பதால் ககரம் வென்றது: கைபர் பக்துன்க்வா. இப்போது நம் நாளிதழ்களில் 'கைபர் பக்துன்க்வாவில் பஷ்தூன் மக்கள்' என்று செய்தி வருகிறது. ஒரே சொல் ஒரே வரியில் இரண்டு உச்சரிப்பில்! என் பத்தியைக் கொஞ்சம் மன்னிக்கலாம். பதான் என்பது இந்தியப் பக்கத்தில் வழங்கிய வடிவம். நம்மூரில் வட்டிக்குக் கொடுத்த பட்டாணிக்காரர் என்ற சொல்லிலும் அவர்தான் இருக்கிறார். இனிமேல் நான் 'பஷ்தோ', 'பஷ்தூன்' என்றே எழுதப்போகிறேன். இதில் இலக்கணக் காரணம் ஒன்றும் இல்லை. தமிழில் எளிதாக எழுத வருகிறது, அவ்வளவுதான். உங்கள் டிரைவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அந்த எழுத்துகளை உருவாக்கியவர் என்று பதினாறாம் நூற்றாண்டின் பாயசீத் அன்சாரியைச் சொல்வார்கள். பீர் ரோஷன், அதாவது 'ஒளியின் குரு' என்று சீடர்கள் அழைத்தார்கள். எதிரிகள் 'இருட்டின் குரு' என்று திருப்பி அழைத்தார்கள். வசீரிஸ்தானின் கானிகுரம் ஊர்க்காரர். அவர் குடியின் மொழி பஷ்தோ அல்ல, ஓர்முரி என்ற சிறு மொழி. பக்கத்து வீட்டு மொழிக்கு எழுத்து செய்துகொடுத்த மனிதர்! எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

ஆனால் அந்த எழுத்தின் குடைக்குள் எல்லாரும் நனையாமல் நிற்க முடியாது. மெய்யெழுத்துகள் மாறினால் குடை தாங்கும், உயிர் மாறினால் தாங்காது. அவருடைய அதே வசீரிஸ்தானில் உயிரொலிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்துவிட்டன. பிற இடங்களில் தந்தை 'ப்லார்', அங்கே 'ப்லோர்'. தாய் 'மோர்', அங்கே 'மேர்'. மகள் 'லூர்', அங்கே 'லீர்'. ஆ இருந்த இடத்தில் ஓ வந்து உட்கார, ஓ எழுந்து ஏயிடம் போக, ஊ நகர்ந்து ஈ ஆகிவிட்டது. பொது எழுத்தில் 'மோர்' என்றிருப்பதைப் பார்க்கும் வசீரிக்காரர் தம் அம்மாவைத் தாமே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். பலுசிஸ்தானின் ஹர்னாய் பக்கம் பேசப்படும் வனேத்சி இன்னும் தள்ளிப் போய்விட்டது. அதைத் தனி மொழி என்றே சிலர் கணக்கிடுகிறார்கள்.

தமிழோடு உறவு? இல்லை. பஷ்தோ கிழக்கு ஈரானிய மொழி. பாரசீகம் அதற்குப் பெரியப்பா பிள்ளை, வடமொழி தூரத்து உறவு. மேலே சொன்ன சொற்களிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பழைய தகரம் பஷ்தோவில் பல இடங்களில் லகரமாகிவிட்டது: வடமொழி 'தச', பஷ்தோ 'லஸ்'. 'துஹித்ரு' என்ற மகள்தான் 'லூர்'. பாரசீகத்தில் கை 'தஸ்த்', பஷ்தோவில் 'லாஸ்'. ட, ண போன்ற ஒலிகள் குடும்பம் பார்த்து வருவதில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் பல குடும்பங்களில் பரவிக் கிடக்கின்றன. சிந்து சமவெளியை ஒட்டி வாழ்ந்த பஷ்தோவுக்கும் அவை அக்கம்பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டன. பிராகூயி விஷயம் வேறு. அதில் கல் 'ஃகல்', கண் 'ஃகன்', இரண்டு 'இரட்'. உறவு இருந்தால் இப்படி அடிப்படைச் சொல்லில் தெரிய வேண்டும். பஷ்தோவில் கண் 'ஸ்தர்க'.

உறவு இல்லாமலே ஓர் ஒற்றுமை மட்டும் என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. பஷ்தோவில் 'ரா' என்றால் என்னை நோக்கி, 'தர்' என்றால் உன்னை நோக்கி, 'வர்' என்றால் அவரை நோக்கி. இவற்றை வினைக்கு முன்னால் ஒட்டுவார்கள். எனக்குத் தருவது 'ராகவல்', உனக்குத் தருவது 'தர்கவல்', அவருக்குக் கொடுப்பது 'வர்கவல்'. இப்போது தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தை எடுத்துப் பாருங்கள். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று விதித்திருக்கிறார். 'எனக்குத் தந்தான்', 'அவனுக்குக் கொடுத்தான்'. நாம் இரண்டு பெட்டியில் போட்டதை அவர்கள் மூன்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். இன்று 'அவனுக்குத் தந்தேன்' என்று கூசாமல் எழுதுகிறோம். உங்கள் டிரைவர் இந்தத் தவற்றைச் செய்யவே மாட்டார்.

எந்த வட்டார வழக்கைக் கற்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தினமும் உங்களோடு பேசுகிறவர் யாரோ அவருடையதை. எழுத மட்டும் கந்தகார்க்காரரிடம் போங்கள். பெஷாவர்ப் பக்கம் பலர் பள்ளியில் உருதுவில்தான் எழுதப் படித்திருக்கிறார்கள், இரட்டைப் புள்ளியில் தடுமாறக்கூடும். டிரைவர் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது 'ஸ்தடை ம ஷே' என்று சொல்லுங்கள். களைப்படையாதிருப்பாயாக என்று பொருள். அவர் 'க்வார் ம ஷே' என்பார்: நீ துன்பப்படாதிருப்பாயாக. இதில் ககரம் கந்தகாரிலும் ககரம்தான்.