விற்ற காரைத் தேடி

கேள்வி: 2009-ல் என் சிவப்பு சான் ஸ்டார்ம் (ஃபைபர்கிளாஸ் பாடி கொண்ட கார்) காரை விற்றேன். பிஒய் 01, அதாவது புதுச்சேரிப் பதிவு. இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: முதலில் பழைய ஃபைலைத் துழாவுங்கள். விற்றபோது போட்ட 29, 30 (உரிமை மாற்ற) படிவங்களின் நகல் கிடைத்தால் வாங்கியவர் பெயரும் முகவரியும் அதிலேயே இருக்கும். பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பரிவாஹன் என்ற அரசு வாகனத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் நட்சத்திரக்குறிகளுக்குள் ஒளிந்திருக்கும். ஆனால் எந்த ஆர்டிஓ, எஃப்சி (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். 15 வருடப் பதிவு முடிந்து புதுப்பிக்காமல் கிடந்தால், வண்டி ஏதாவது ஷெட்டில் தூங்குகிறது அல்லது உடைப்புக்குப் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி கடலூருக்குப் போயிருந்தால் எண் டிஎன் 31 என்று மாறியிருக்கும், பழைய எண் உதவாது. மாறாதது சேஸ் (அடிச்சட்டம்) எண்தான். பழைய ஆர்சி, இன்ஷூரன்ஸ் பாலிசி இரண்டிலும் அது இருக்கும். ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டு முகவரி கேட்பது வீண். தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். பழைய கார் புரோக்கர்களிடமும் ஃபைபர் வேலை செய்யும் பட்டறைகளிடமும் விசாரிப்பதே பலன் தரும்.

கண்டுபிடித்துவிட்டால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சேஸில் பொறித்த எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பாடி ஃபைபர்கிளாஸ், துருப்பிடிக்காது. அதனால் மேலே பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது சுலபம். கடற்காற்று தின்பது அடியில் உள்ள இரும்பை. ஜாக்கி போட்டுத் தூக்கி, வெல்டிங் இணைப்புகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பேரம் பேசவே வேண்டாம். 1.2 லிட்டர் ரெனோ இன்ஜினில் பழுது இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம், துருப்பிடித்த சேஸை முடியாது.