மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கணுமா?

கேள்வி: நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கைக்குழந்தையிலயே ஞானஸ்நானம் ஆயிடுச்சு. மாமியார் வீடு பெந்தெகொஸ்தே. முழுகி எடுத்தாதான் மறுபடி பிறந்ததா அர்த்தம்னு சொல்றாங்க. அம்மா நான் அன்னிக்குப் போட்ட வெள்ளை கவுனை இன்னும் பீரோல வச்சிருக்காங்க. என்ன செய்ய? - வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த கவுனைப் பத்தி எழுதுனீங்க பாருங்க, மனசு கனத்துப்போச்சும்மா. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கற சபைங்க, வளர்ந்தப்புறம் முழுக்கு கொடுக்கற சபைங்க, ரெண்டு தரப்பும் பைபிள்ல யோவான் 3-ம் அதிகாரத்தைத்தான் காட்டுவாங்க, நிக்கோதேமுகிட்ட இயேசு ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறக்கணும்னு சொன்ன இடம். கத்தோலிக்கரும் லுத்தரன்காரங்களும் அந்த ஜலம் ஞானஸ்நானம்தான், கடவுள் அதுலயே புதுப்பிறப்பைத் தர்றார், அதனால குழந்தைக்கும் கொடுக்கலாம்ம்பாங்க, பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைங்க முதல்ல விசுவாசம், அதுல மறுபிறப்பு, அப்புறம் அதுக்கு சாட்சியாதான் முழுக்குன்னு சொல்வாங்க. அப்படிப் பார்த்தா, முழுகினாதான் மறுபிறப்புங்கறது பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைங்களோட போதனையே இல்ல, இதை மாமியார்கிட்ட பக்குவமா கேளுங்க.

சிஎஸ்ஐல வளர்ந்தப்புறம் திடப்படுத்தல்னு ஒரு ஆராதனை வருதே, அன்னிக்கு நீங்களே வாயால விசுவாசத்தை அறிக்கை பண்ணியிருப்பீங்க. 1982-ல பல சபைங்க சேர்ந்த உலக சபைகள் மன்றம் ஞானஸ்நானம் பத்தி வெளியிட்ட லீமா அறிக்கையும் ஞானஸ்நானம் திரும்பக் கொடுக்கக்கூடாதுன்னுதான் சொல்லுது. என் கருத்தும் அதேதான், குடும்ப சமாதானத்துக்காக மட்டும் தண்ணில இறங்காதீங்க. உங்க ஆயரையும் அவங்க பாஸ்டரையும் ஒருதடவை சேர்ந்து உக்கார வச்சுப் பேசுங்க, வீட்டுக்காரரும் கூட இருக்கட்டும்.