டின்னுக்குள் எதைத் தேடுகிறார்கள்?

கேள்வி: என் குழந்தைக்குப் பவுடர் பால் கொடுக்கிறேன். சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்த பழைய செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து ஒரே பயம். அங்கே யாரும் பரிசோதனையே செய்யவில்லையா? என் டின்னை நானே சோதிக்க முடியுமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: செய்தார்கள் அம்மா. வினையே அதில்தான் வந்தது.

அது 2008-இல் நடந்தது. அதில் பெரிதாக அடிபட்ட பெயர் சான்லூ என்ற சீனப் பால் நிறுவனம். பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும், கொள்முதலில் மாட்டிக்கொள்ளும். ஆனால் வழக்கமான பரிசோதனையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பாலைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.38-ஆல் பெருக்குவார்கள். 1883-இல் கெல்டால் என்பவர் கண்டுபிடித்த முறை, அதுவும் ஒரு பீர் கம்பெனி ஆய்வகத்தில்! பால் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் நானும் அந்தப் புகையில் நின்றவன்தான். நல்ல முறை. ஆனால் நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டு செய்கிற மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் போட்டால் நாலு கிராம் புரதம் போலக் கணக்குக் காட்டும். மெலமைன் இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகக் கல். ஆறு பேர் இறந்தார்கள்.

சான்லூ பவுடரில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம் வரை இருந்தது. 2010-இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். பூஜ்யம் வைக்கக்கூடாதா என்பீர்கள். பாத்திரம், பேக்கிங் வழியாகத் துளி வந்துவிடும், அதற்காகத்தான். இப்போது மூலக்கூறின் நிறையை வைத்தே ஆளை அடையாளம் காணும் எல்.சி.எம்.எஸ். கருவிகள் இருக்கின்றன. அதுவும் எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் தேடும். அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், எந்தப் பொருள், எந்த அளவுக்குக் கீழே என்று பக்கத்தில் பாருங்கள். அந்த எண் இல்லாத அறிக்கைக்கு நான் மதிப்பு கொடுக்கமாட்டேன்.

வீட்டில் இதைச் சோதிக்க வழியில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்ப வரும். அந்தப் பழைய செய்திக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சீனப் பால் பொருட்கள் இறக்குமதியை இந்தியா 2008-இலேயே தடை செய்துவிட்டது. நான் கவலைப்படுவது பவுடரில் இருக்கக்கூடிய கிருமியைப் பற்றி. பவுடரைக் கொதித்து ஆறிய நீரில் கலக்காமல், கொதித்த நீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள்.

கேள்வி: பாலில் பூஞ்சை நஞ்சு என்கிறார்களே, காய்ச்சினால் போகாதா?
– மாடு வளர்ப்பவர், நாமக்கல்

பதில்: போகாது. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. 2018-இல் நடந்த தேசியப் பால் ஆய்வில் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-இல் அது வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் அதிகம். வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். வருவது தீவனத்திலிருந்துதான்: பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூசணம் கண்டதை, வெயிலில் காயவைத்தாயிற்று என்று மாட்டுக்கு வைக்காதீர்கள். பூசணம் காய்ந்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும்.