வகுப்பறையில் திரை: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்மார்ட் போர்டில் பாட வீடியோ போடுகிறேன் சார். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பார்க்கிறார்கள். தேர்வில்தான் ஒன்றும் வரவில்லை.

பதில்: அந்த அமைதியை நம்பாதீர்கள்! பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். வீடியோவைப் பாதியில் நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு வரி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டுங்கள்.

கேள்வி: கணக்கு, அறிவியலுக்குக் காசில்லாமல் என்ன கிடைக்கும்?

பதில்: கணக்குக்கு வரைபடங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் ஜியோஜீப்ரா, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட், இந்த இரண்டும் போதும். ஃபெட்டை 2002-இல் தொடங்கியவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன். அதன் மின்சுற்றுப் பகுதியில் ஒரே மாதிரி இரண்டு பல்புகளைத் தொடராக இணையுங்கள். சுவிட்சைப் போடுமுன், எது பிரகாசமாக எரியும் என்று கேளுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஜியோஜீப்ராவில் y = ax² + bx + c வரைந்து b-யை மட்டும் நகர்த்துங்கள். வளைவு பக்கவாட்டில் மட்டும் நகரும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அதன் முனை இன்னொரு பரவளையத்தின் மேல் ஊர்ந்து போகும். கரும்பலகையில் இதைக் காட்ட ஒரு பீரியட் போதாது.

கேள்வி: கைபேசியில் வினாடி வினா வைத்தால் வெறும் விளையாட்டாகிவிடுகிறதே?

பதில்: மதிப்பெண் பட்டியலை மறைத்துவிடுங்கள், பாதிக் கூச்சல் அடங்கும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை எனக்குப் பிடித்தது. முதலில் தனியாகப் பதில், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி பதில். முதல் சுற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதுதான்.

கேள்வி: வீட்டுப்பாடத்தை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் தன் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023-இல் விலக்கிக்கொண்டது. எழுதியதை இரண்டு நிமிடம் வாயால் விளக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இணையமே இல்லை.

பதில்: கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். இணையம் உள்ள இடத்தில் பாடங்களை இறக்கி ஒரு கணினியில் வைத்தால், மற்ற கருவிகள் உள்ளூர் வைஃபையில் படிக்கும். ஆனால் கண்டதையும் இறக்காதீர்கள், வீடியோக்கள் டிஸ்க்கை நிரப்பிவிடும். இந்தப் பருவத்துக்கு வேண்டியது மட்டும் போதும்.